பெட்ரோல் போதாத என்ஜின்

வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு நான் முதலில் பார்த்தது ஓர் எண்: 13.4. டாஷ்போர்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்ட மீட்டரில் அது சிவப்பாக எரிந்தது. "பதிமூணு நாலு" என்று நான் வாசித்து முடிப்பதற்குள் என் மைத்துனன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். வண்டி முன்பக்கம் தாழ்ந்து வேகம் இழந்தது.

வில்லியனூருக்குத் தெற்கே, இன்னும் திறக்கப்படாத நாற்கரச் சாலைத் துண்டு அது. இரண்டு முனைகளிலும் சிமென்ட் கட்டைகளைப் போட்டு அடைத்திருந்தார்கள். ஜல்லி லாரிகள் போய்வர மட்டும் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். நாங்களும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்திருந்தோம். சாலையின் இருபுறமும் அறுவடை முடிந்த வயல்கள். ஆறரை ஆகிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்கள் நெல்லைக் கொண்டுவந்து சாலையில் காயப்போட ஆரம்பிப்பார்கள். அதற்குள் சோதனையை முடித்தாக வேண்டும்.

"இன்னொரு வாட்டி போலாமா மச்சான்?" என்றான்.

"போனா மாறுமா?"

"மாறாது."

"அப்ப எதுக்கு?"

அவன் வண்டியைத் திருப்பினான்.

அந்த எண், என்ஜினுக்குள் ஒரு பங்கு பெட்ரோலோடு எத்தனை பங்கு காற்று சேர்கிறது என்பதைக் காட்டுவது. நிதானமாக ஓட்டும்போது அது பதினான்கை ஒட்டி இருக்கலாம்; தவறில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, டர்போ காற்றைத் திணிக்கும் நேரத்தில் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று பொருள். மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள். பெட்ரோல் குறைந்தால் என்ஜின் சோர்ந்து ஓடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது கொதித்து ஓடும். கொஞ்சம் அதிகமாகத் தெளிக்கப்படும் பெட்ரோல்தான் பிஸ்டனின் தலையைக் குளிர்விக்கிறது. அது கிடைக்காதபோது அலுமினியம் உருகும்.

அவனுடைய முதல் என்ஜின் அப்படித்தான் போனது. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதை வீட்டுக்கு எடுத்துவந்தபோது நானும் இருந்தேன். என் மாமனார் அதைக் கையில் வாங்கி, ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். அதன்பின் அப்பாவும் மகனும் அந்த வண்டியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது என்ஜினைப் பொருத்திய அன்று மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எல்லோர் முன்னாலும் அவன் சொன்னான்:

"இதுவும் போச்சுன்னா வண்டிய எடைக்குப் போட்டுடறேன்பா."

"போடு" என்றார் மாமனார். அவ்வளவுதான்.

மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பும் நெல்லும் வைத்திருக்கும் குடும்பம் அது. மாமனார் விடிகாலையில் வயலுக்குப் போய்விடுவார். மைத்துனன் திருவாண்டார்கோயிலுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில், பம்புக்கான உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தான். வண்டி, பழைய டர்போ ஹேட்ச்பேக். வெளியில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கொட்டகையில் டிராக்டருக்குப் பக்கத்தில் அது நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு அப்பால் ஓர் ஓடுதளத்தில் கால் மைல் ஓட்டம் இருந்தது. முதல் என்ஜின் போனதிலிருந்து அவன் அதற்காகத்தான் காத்திருந்தான். கால் மைல் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்தத் தூரம் முழுவதும் கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியே இருக்கும். நாங்கள் இங்கே ஒரு கணம் பார்த்து விலகிய 13.4-ஐ அங்கே கடைசிவரை தாங்க வேண்டும். தாங்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

என்னை ஏன் பக்கத்தில் உட்காரவைத்தான் என்பதற்கு அவனே காரணம் சொன்னான். அவனுடைய நண்பர்களை உட்காரவைத்தால் மீட்டரைப் பார்க்காமல் "போடு, போடு" என்று கத்துவார்களாம். நான் பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்தவன். எண்ணை எண்ணாக வாசிப்பேன் என்று நம்பினான்.

*

அன்று மாலையே சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தோம்.

முதலில் பெட்ரோல். இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் அதிகமானால், அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். பெட்ரோல் பங்க்கில் கலவை கூடிவிட்டதோ என்று பார்க்க, அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் பெட்ரோலையும் கொஞ்சம் தண்ணீரையும் ஊற்றிக் குலுக்கினான். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். கோடு எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தால் போதும். எதிர்பார்த்த இடத்தில்தான் நின்றது. அந்தக் கலவைக்கு ஏற்பத்தான் என்ஜின் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப்பட்டிருந்தது.

அதை எழுதியவர் கோயம்புத்தூரில் இருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. போனில் குரல் மட்டும் பழக்கம். காலையில் லேப்டாப்பில் பதிவான அளவுகளை மைத்துனன் அனுப்பியிருந்தான். இரவு ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு, லேப்டாப்பை டிராக்டரின் மட்கார்டில் வைத்துக் கேட்டோம்.

"தம்பி, ஐடில்ல பாருங்க. கம்ப்யூட்டர் மூணு பர்சென்ட்தான் சேர்த்துக் குடுக்குது. நார்மலுங்க. லோடு ஏற ஏறப் பாருங்க, பதினெட்டு. அத்தனை சேர்த்தும் பத்தலைங்குது."

"பம்ப் வீக்கா இருக்குமாண்ணா?"

"பிரஷர் ஆடலையே. கோடு போட்ட மாதிரி நிக்குது. பெட்ரோல் வந்துட்டுத்தான் இருக்குதுங்க. எவ்வளவு வேணும்னு கணக்குப் போடற இடத்துலதான் தப்பு."

அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். காற்று உள்ளே நுழையும் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. அது இவ்வளவு காற்று போகிறது என்று சொல்லும். கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுக்கும். அந்தச் சென்சாரைத் தாண்டிய பிறகு, டர்போவுக்கு முன்னால், குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். டர்போ வேகமாக உறிஞ்ச உறிஞ்ச, புகும் காற்றும் கூடும். வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் தெரியாது, மிதித்தால் தெரியும். எங்களுக்குக் கிடைத்த எண்களுக்கு அது பொருந்தியது.

"நீங்க முன்ன அனுப்புன பழைய லாக் எல்லாம் எடுத்துப் பார்த்தேனுங்க" என்றார் அவர். "ஒரே நாள்ல வந்ததில்லை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்குது. விரிசல் பெருசாகுதோ என்னமோ. ஸ்மோக் டெஸ்ட் பண்ணுங்க. சரியாகாம ஞாயித்துக்கிழமை ஓட்டுனீங்கன்னா என்னையக் கேக்காதீங்க."

"ஓட்ட மாட்டேண்ணா."

"போன தடவையும் இதையேதானே சொன்னீங்க?"

போன் வைக்கப்பட்டது. கொட்டகை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். அவள்தான் அவனுக்கு அக்கா, ஒரே அக்கா. எங்கள் வீடு வில்லியனூரில். அந்த வாரம் இந்த வண்டிக்காகவே அவள் பிறந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தோம்.

"இன்னாடா சொல்றாரு உன் டாக்டரு? பொழைக்குமாமா?"

"சும்மா இரு அக்கா."

"நீ ஓட்டு, இவரு பக்கத்துல குந்திகினு நியூஸ் படிக்கட்டும். நல்ல ஜோடி" என்றாள் என்னைப் பார்த்து. அவன் சிரிக்கவில்லை. அதைக் கவனித்துவிட்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை அவன் விடுப்பு எடுத்தான். வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு இரண்டாவது ஷிப்ட். மதியம் போனால் இரவுதான் திரும்புவான்.

ஸ்மோக் டெஸ்ட் என்பது எளிய விஷயம். என்ஜினை நிறுத்திவிட்டு, காற்றுக்குழாயின் வாயை அடைத்து, உள்ளே புகையை மெல்லச் செலுத்த வேண்டும். விரிசல் இருந்தால் அங்கே புகை கசியும். அதற்கான கருவி பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு பழைய பெயின்ட் டப்பா, ஒரு காற்றடிக்கும் பம்பு, கொஞ்சம் ரப்பர் குழாய். டப்பாவுக்குள் புகை வேண்டும். பழந்துணியைக் கொளுத்தினால் எண்ணெய்ப் பிசுக்குப் படியும் என்று அவன் யோசித்தான்.

"அப்பாகிட்ட தூபக்கால் இருக்கும். நெருப்பு போட்டு வாங்கினு வாங்களேன் மச்சான். நான் கேட்டா நல்லாருக்காது."

நான் போய்க் கேட்டேன். மாமனார் அப்போதுதான் வயலிலிருந்து வந்து குளித்து, வேட்டி மாற்றியிருந்தார்.

"எதுக்கு?"

"வண்டிக்குப் புகை விட்டுப் பாக்கணுமாம் மாமா. எங்கனா ஓட்டை இருக்குதான்னு."

"இன்னைக்கு வெள்ளிக்கெழம. எப்டியும் போடத்தான் போறேன். நானே எடுத்தாரேன், போங்க."

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். தூபக்காலில் கொட்டாங்குச்சிக் கனல் சிவந்திருந்தது. அதன்மேல் சாம்பிராணியைத் தூவிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தார். முதலில் டிராக்டரைச் சுற்றி ஒருமுறை காட்டினார். பிறகு திறந்திருந்த வண்டியின் பானெட்டுக்கு முன்னால் வந்து நின்றார். மைத்துனன் காற்று ஃபில்டரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குழாயின் வாயைப் பிளாஸ்டிக்கால் கட்டிக்கொண்டிருந்தான்.

"அத்த ஏன் கழட்டினே?" என்றார்.

பல மாதங்களுக்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி அவர் மகனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"புகை உள்ள போவணும்பா."

"அத்தக் கழட்டாமலே போவுமே. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் காட்டறேனே, அப்டியே குடிச்சிடுதே."

மைத்துனன் கட்டுவதை நிறுத்தினான்.

"எதுக்குக் காட்டறே?"

"வண்டிக்குத்தான். டிராக்டருக்குக் காட்டிட்டு அப்பால இதுக்கும்."

"நிக்கும்போதுதானே?"

"ஸ்டார்ட் பண்ணித்தான். செத்துக் கெடக்கற இன்ஜினுக்குக் காட்டி இன்னா ஆவப் போவுது?" அவர் தரையில் கிடந்த ஃபில்டரைக் காலால் சுட்டினார். கூம்பு வடிவத்தில், மேலுறை எதுவும் இல்லாமல் திறந்தபடி இருக்கும் ஃபில்டர். அதிகக் காற்று உள்ளே போக வேண்டும் என்பதற்காக அவன் போட்டது. "தோ, இந்தப் பூக்குடலை மாதிரி இருக்குதே, இதாண்ட புடிச்சா போதும். ஒரு பொட்டு வெளிய வராது. டிராக்டருகூட இந்த மாதிரி இழுக்காது."

கடைசி வாக்கியத்தில் லேசான பெருமை இருந்தது.

மைத்துனன் சிறிய ஸ்குரூடிரைவரை எடுத்தான். சென்சாரைப் பிடித்திருந்தவை இரண்டே திருகுகள். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். நானும் குனிந்து பார்த்தேன்.

அதற்குள் தலைமுடி தடிமனில் ஒரு கம்பி இருக்கும். மின்சாரம் அதைச் சூடாக வைத்திருக்கும். போகும் காற்று அதைக் குளிர்விக்கும். எவ்வளவு குளிர்ந்தது என்பதை வைத்துத்தான் எவ்வளவு காற்று போனது என்று கம்ப்யூட்டர் அறியும். புதிய சென்சாரில் அந்தக் கம்பி மின்னும். இதில் தேநீர் நிறத்தில் ஓர் ஆடை படிந்து, சுடச்சுட இறுகி, வார்னிஷ் பூசியதுபோல இருந்தது. போர்வை போர்த்திய கம்பிக்குக் காற்று உறைக்காது. வந்த காற்றைவிடக் குறைவாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் குறைந்த கணக்குக்கே பெட்ரோல் போயிருக்கிறது.

அவன் அதை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு என்னிடம் நீட்டினான். சாம்பிராணி வாசனைதான். ஆனால் கொட்டகை முழுக்கவே அந்த வாசனை இருந்ததால், நான் சாட்சி சொல்ல முடியாத நிலையில் இருந்தேன்.

டிராக்டரில் இப்படி ஒரு கம்பி கிடையாது. அதன் காற்று எண்ணெய்த் தொட்டியில் முங்கி வடிகட்டப்பட்டுத்தான் உள்ளே போகும். எத்தனை வெள்ளிக்கிழமை காட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

"வேணும்னே பண்ணியாப்பா?" என்றான் மைத்துனன்.

குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் கேட்க மோசமாக இருந்தது.

"டேய்" என்றாள் என் மனைவி. அவள் எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

மாமனார் தூபக்காலைத் தரையில் வைத்தார்.

"டிராக்டருக்குக் காட்டறேன். பக்கத்துலயே இதுவும் நிக்குது. இத்த மட்டும் வுட்டுட்டுப் போவச் சொல்றியா?"

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ எங்கடா பேசறே என்னாண்ட?"

"எதுனா ஆவும்னு தோணலியா உனக்கு?"

"போன இன்ஜினுக்கு நான் ஒண்ணும் காட்டல" என்றார் மாமனார். "அது இன்னா ஆச்சு?"

அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். தூபக்கால் அங்கேயே புகைந்துகொண்டிருந்தது.

*

கோயம்புத்தூருக்குப் போன் செய்தபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, "சிரிக்கறதுக்கு நேரமில்லீங்க" என்று சொல்லிவிட்டு நன்றாகச் சிரித்தார். ஆனால் ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக விரிசலும் இல்லை என்று ஆகிவிடாது, டெஸ்டை முடித்துவிடுங்கள் என்றார். எனவே சென்சார் இருந்த துளையை டேப்பால் மூடி, அதே தூபக்காலின் புகையையே டப்பாவுக்குள் பிடித்துக் குழாய்க்குள் செலுத்தினோம். டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான். எங்கும் கசியவில்லை. இருந்த ஒரே தவறு அந்தக் கம்பிதான்.

இனி அதைச் சுத்தம் செய்ய வேண்டும். புதியது வாங்கலாமா என்று சென்னையில் விசாரித்தான். அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரே ஒன்று அவனிடம் இருந்தது. தூசிக்கு அது போதும். இந்த ஆடை அசையவில்லை. இரண்டாம் முறை அடித்தான்; அப்படியே இருந்தது. துணியாலோ பிரஷாலோ தொட முடியாது. தொட்டால் கம்பி அறுந்துவிடும். அறுந்தால் ஞாயிறு மட்டுமல்ல, வண்டி கொட்டகையைவிட்டே நகராது. அவன் ஒரு தீக்குச்சியை எடுத்து, அதன் முனையைப் பல்லால் கடித்து நைத்தான்.

"தொடாதே" என்றாள் அவன் அக்கா. "தண்ணில சாம்பிராணி கரையுமா? எண்ணெய்லயும் சரியாக் கரையாது. ஸ்பிரிட்ல கரையும்."

அவள் பிள்ளையார்குப்பம் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்டும் ஒரு டிராப்பரும் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்த பையிலிருந்து வந்தன.

"குடு இங்க. நீ அவசரப்படுவே."

"மாட்டேன்."

"படுவேடா. குடு."

கொடுத்தான். அவள் சென்சாரைச் சாய்த்துப் பிடித்து, கம்பிக்கு மேலே இருந்த பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு விட்டாள். அது வழிந்து கம்பியைத் தொட்டு, கீழே வைத்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. நிறமில்லை. இன்னொரு சொட்டு. அதற்கும் நிறமில்லை. மைத்துனன் எழுந்து டிராக்டரின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான். பார்க்க முடியவில்லைபோலும். அவள் அவசரப்படவில்லை. ஒரு சொட்டு விட்டுவிட்டு, ஊறட்டும் என்று சுவரைப் பார்த்துக் காத்திருப்பாள், பிறகு இன்னொன்று. எத்தனையாவது சொட்டு என்று எண்ணவில்லை. துணியில் மங்கலான பழுப்பு வட்டம் ஒன்று விழுந்தது.

"வருது" என்றேன்.

அவன் வந்து துணியைப் பார்த்தான். வட்டத்தின் மேல் வட்டமாகப் பழுப்பு விழுந்துகொண்டே இருந்தது. பிறகு மெல்ல வெளிறியது. கடைசியில் விழுந்த சொட்டில் நிறமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தபோது கம்பி மின்னியது. அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான். இல்லை.

அவன் அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை. "மாட்டாம வைக்கணும், காயட்டும்" என்று மட்டும் சொன்னான். அதுவரை கம்பியில் படிந்த பொய்க் கணக்கை நம்பி, கம்ப்யூட்டர் தானாகச் சேர்த்துப் பழகியிருந்த பதினெட்டு விழுக்காடும் அழிய வேண்டும் என்று பேட்டரியைக் கழற்றிவைத்தான்.

அன்று சாப்பாட்டுக்கு மாமனார் தனியாக, முன்னதாகவே சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

*

சனிக்கிழமை காலை பேட்டரியையும் சென்சாரையும் மாட்டி, கம்ப்யூட்டர் புதிதாகப் பழகுவதற்காக ஊர்ச்சாலைகளில் மெல்ல ஓட்டிவிட்டு நாற்கரச் சாலைக்கு வந்தபோது நேரமாகிவிட்டது. ஒரு பக்கம் முழுவதும் நெல் பரப்பியிருந்தார்கள். மறுபக்கம் காலி. ஆனால் நடுவில் தடுப்பு இன்னும் கட்டப்படவில்லை. நெல்லைக் காலால் அளைந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

"எங்க போறீங்க? ரோடு இன்னும் வுடலியே."

"ஒரே வாட்டிக்கா. போயிட்டுத் திரும்பிடறோம்" என்றான் மைத்துனன்.

"முந்தாநேத்து சத்தம் போட்டுனு போனது நீங்கதானா? நாய்ங்க எல்லாம் தெறிச்சு ஓடுது." அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "பெரிய மனுஷரு நீங்களும் கூடக் குந்திகினு இருக்கீங்க."

"நெல்லு பக்கமே வர மாட்டோம்மா" என்றேன்.

"வந்து பாருங்க. ஒரு நெல்லு மணி ஒதுங்கினாலும் வண்டி இங்கதான் நிக்கும்."

அவர் விலகிச் சாலையோரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார். மைத்துனன் காலியான பக்கத்தின் வெளி ஓரத்துக்கு வண்டியை ஒதுக்கினான். ஜன்னல்களை ஏற்றினான். என் மடியில் லேப்டாப் இருந்தது, கண் மீட்டரில்.

"பன்னண்டரைக்கு மேல நின்னா சொல்லுங்க" என்றான். "வேற எதுவும் சொல்லாதீங்க."

இரண்டாவது கியரில் போய், மூன்றாவதற்கு மாற்றி, காலை முழுதாக அழுத்தினான். முதுகு இருக்கையில் பதிந்தது. மீட்டரில் 14.1. டர்போவின் சீழ்க்கை எழுந்தது. 13.3. வாயைத் திறந்தேன். 12.7. மூடிக்கொண்டேன். இடப்பக்கம் வயல் ஒரே பச்சைப் பழுப்புக் கோடாக ஓடியது. வலப்பக்கம் நெல் மஞ்சள் கோடாக. 12.2. அவன் என் குரலுக்காகக் காத்திருப்பது அவன் தோளில் தெரிந்தது. 11.9. 11.8. அங்கேயே நின்றது. என்ஜின் சுழற்சி உச்சத்தைத் தொடும்வரை அது 11.8-தான்.

அவன் காலை எடுத்தான்.

"சொல்லலியே" என்றான்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

வண்டியை ஓரம் கட்டி, லேப்டாப்பை வாங்கிப் பார்த்தான். முழு லோடில் கம்ப்யூட்டர் சேர்த்துக்கொடுத்தது இரண்டு விழுக்காடு. அதையும் நம்பாமல் மறுபடி ஒருமுறை போகலாமா என்று கேட்டான். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்மணி இன்னும் இடுப்பில் கைவைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். பதிவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினான். நாங்கள் வில்லியனூர் வருவதற்குள் பதில் வந்துவிட்டது: "ஓட்டுங்க தம்பி."

வீட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகையில் நிறுத்தியபோது மாமனார் டிராக்டரில் கரும்புத் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மகன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவனும் வாயெடுத்தான். டிராக்டர் சத்தத்தில் அது கேட்டிருக்காது. மாமனார் ரிவர்ஸ் எடுத்து வெளியே போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை நான் அவனோடு போகவில்லை. போட்டியில் பக்கத்தில் ஆளை ஏற்றிக்கொள்ள அனுமதி கிடையாது. எண்களை வாசிக்க அங்கே யாரும் தேவைப்படவும் இல்லை. மதியம் என் மனைவிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய நேரம் அச்சான காகிதச் சீட்டு. மூன்று ஓட்டங்கள், மூன்றும் முடித்திருந்தான். அவன் பிரிவில் ஆறாவது இடம். "இதுக்காடா இத்தினி ரகளை?" என்று இவள் குரல்பதிவு அனுப்பினாள். அவன் அதற்குச் சிரிப்புப் பொம்மை மட்டும் அனுப்பினான்.

இரவு அவன் எத்தனை மணிக்கு வந்தான் என்று தெரியாது. திங்கட்கிழமை காலை, சோதனைக்குக் கொடுத்திருந்த என் லேப்டாப்பை எடுக்க நான் அங்கே போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டி கொட்டகையில் நின்றது. மாமனார் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பானெட் மூடியிருந்தது. அவர் அதைத் திறக்க முயலவில்லை.

"வந்துட்டான் போல" என்றேன்.

"வந்துட்டான்." கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இன்ஜின் இருக்குதா?"

"இருக்குது மாமா."

"ஓட்டை கீட்டை?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்குது."

அவர் தலையசைத்தார். வயலில் ஆழ்துளைக் கிணறு இருக்கும் போர்செட்டுக்கு மும்முனை மின்சாரம் வந்திருந்தது. மோட்டார் போடப் போனார்.